நுனி காய்ந்தால் தினமும் தண்ணீரா?

‘ஸ்பைடர் பிளான்ட் இலை நுனி காய்ந்தால் தண்ணீர் போதவில்லை, தினமும் ஊற்றுங்கள்’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள், வேர் அழுகிவிடும். தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால் வேரெல்லாம் தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரி வெள்ளையாக, தடியாக இருக்கும் (இரண்டும் ஒரே குடும்பம்தான்). அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

நுனி பழுப்பாவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீரில் இருக்கும் உப்பும் ஃபுளோரைடும்தான். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போகலாம், உப்பு எங்கே போகும்? மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ நல்லது. அவ்வப்போது அதையே தாராளமாக ஊற்றி, அடி ஓட்டை வழியாக வழியவிட்டால் மண்ணில் சேர்ந்த உப்பு கரைந்து போகும். உரம் அதிகமானாலும் இதே கதை. காய்ந்த நுனி மறுபடி பச்சையாகாது, கத்தரித்துவிடுங்கள்.

அப்புறம், கொடி நுனியில் வரும் குட்டிச் செடியைத் தண்ணீரில் போட்டால்தான் வேர் விடும் என்பதும் சரியில்லை. அடியில் சின்னச் சின்ன முண்டுகள் தெரிந்தால் அவைதான் வேர். கொடியை வெட்டாமலேயே பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி வைத்து மண்ணில் பதியுங்கள். வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடி ஊட்டும். லேசாக இழுத்தால் வராதபோது வெட்டலாம்.