கிலோவா, மணியா?

செல்வி: செருப்பை வெளியே விட்டுட்டு, பார்த்துக் கால் வையுங்க தம்பி. தரையெல்லாம் ஊசி. தராசு எங்கே?

கோகுல்: தராசா? லேப்டாப் கொண்டுவந்திருக்கிறேன் மேடம்.

செல்வி: அதிலேயே எடை பார்த்துவிடலாமா? என்னென்னவோ வந்துவிட்டது. சரி, எதையெல்லாம் எடுப்பீங்க?

கோகுல்: அதை நீங்கதான் முடிவு செய்யணும். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, 'இது எனக்கு வேண்டுமா?' என்று நிதானமாகக் கேட்டுக்கொள்ளணும். அவசரமே இல்லை.

செல்வி: போன தடவை வந்தவர் இப்படியெல்லாம் கேட்கவில்லையே. சாக்கைப் பிரித்தார், வாரிப் போட்டார், போய்விட்டார்.

கோகுல்: எங்கள் துறையில் அப்படியும் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள் மேடம்.

செல்வி: கிலோவுக்கு என்ன போடுறீங்க?

கோகுல்: நாங்கள் கிலோ கணக்கு வைத்துக்கொள்வதில்லை. முதல் தடவை இலவசம்.

செல்வி: சும்மாவே தூக்கிட்டுப் போவீங்களா? நல்லா இருக்கே கதை! அந்தக் குவியலில் பித்தளைத் தாம்பாளம் ஒன்றும் இருக்கு தம்பி.

கோகுல்: அடுத்த தடவையிலிருந்துதான் மணிக்கு 1500.

செல்வி: மணிக்கு 1500ஆ? அடடே, நிற்கிறீங்களே, உட்காருங்க! எந்த மணிக்கு? ப்ளவுஸில் தைக்கிற சுகர் பீட் மணியா, கட் பீட் மணியா? முத்தும் சேர்த்தியா? எல்லாம் கலந்து கிடக்கிறது, பரவாயில்லையா?

கோகுல்: மேடம், மணி என்றால்... ஒரு மணி நேரம்.

செல்வி: ஒரு மணி நேரத்துக்கு 1500. எனக்கு.

கோகுல்: இல்லை, எனக்கு.

செல்வி: அதாவது, என் வீட்டுச் சாமானை நீங்க எடுத்துக்கொண்டு போவதற்கு நான் உங்களுக்குப் பணம் கொடுக்கணும்.

கோகுல்: நான் எதையும் எடுத்துக்கொண்டு போக மாட்டேன்.

செல்வி: அதுவும் மாட்டீங்க! அப்புறம் எதுக்குத்தான் சாமி வந்தீங்க?

கோகுல்: நான் பிசினஸ் கோச் மேடம். சிறு தொழில் செய்கிறவர்கள் சேர்த்து வைத்திருக்கும் குப்பையைக் குறைத்து, தொழிலை எளிமையாக்கித் தருவது என் வேலை. உங்க மகள் ஃபார்ம் நிரப்பி அனுப்பியிருந்தாங்க.

செல்வி: அவள் வேலையா இது! ஆடி மாசம், முகூர்த்தம் கிடையாது, கையில் ஆர்டர் இல்லாதபோதே வீட்டைக் கொஞ்சம் ஒழித்துவிடலாம் என்று பழைய சாமான்காரரை வரச் சொல்லியிருந்தேன். நீங்க கதவைத் தட்டியதும் அவர்தான் என்று நினைத்துவிட்டேன். தப்பாக எடுத்துக்காதீங்க.

கோகுல்: பரவாயில்லை. வந்த நோக்கம் ஒன்றுதானே. நானும் ஒழிக்கத்தான் வந்திருக்கிறேன்.

செல்வி: அவர் காசு கொடுப்பார்.

(கோகுல் அறையை ஒரு சுற்றுப் பார்க்கிறார். நடுவில், கொக்கி ஊசியால் பூத்தையல் போடும் ஆரி வேலைக்கான ஸ்டாண்டில் மாம்பழ நிறப் பட்டுத்துணி முரசுபோல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. மூலையில் எடைக்குப் போட எடுத்து வைத்த குவியல்.)

கோகுல்: மேடம், இந்த அடுக்குப் பெட்டிகள் புத்தம் புதிதாக இருக்கே! லேபிள் ஒட்டும் மெஷின், ரிங் லைட், டெய்லி பிளானர்... இதையா எடைக்குப் போடுறீங்க? எங்கள் முதல் பாடத்திலேயே வாங்கச் சொல்லும் பொருள்கள் இவை.

செல்வி: தெரியும். போன வருஷம் இதே மாதிரி ஆன்லைன் வகுப்பு ஒன்றில் மகள் சேர்த்துவிட்டாள். எளிமையாக இருக்கச் சொல்லித்தான் அத்தனையையும் வாங்க வைத்தார்கள். அந்த எளிமையை வைக்க வீட்டில் இடம் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து மாமியாரின் இரும்புப் பெட்டியை நகர்த்திவிட்டு எளிமையை உள்ளே தள்ளினோம்.

கோகுல்: சரியாகப் பயன்படுத்தியிருந்தால்...

செல்வி: பயன்படுத்தினேனே. அந்தப் பெட்டியில் 36 அறை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிற மணி. என் சின்னவன் பந்து எடுக்க ஓடி வந்தான். ஒரே நிமிஷத்தில் 36 நிறமும் ஒரே அறைக்கு வந்துவிட்டது, இந்த அறைக்கு. பிளாஸ்டிக்குக் கிலோ என்ன தம்பி?

கோகுல்: எனக்குத் தெரியாது மேடம்.

செல்வி: மணிக்குச் சொல்லத் தெரிகிறது, கிலோவுக்குச் சொல்லத் தெரியவில்லையே.

கோகுல்: கருவிகளை விடுங்க. மனநிலைதான் முக்கியம். ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் எங்களுக்கு இரண்டு நாள் முகாம் நடந்தது. அங்கேதான் எளிமை என்றால் என்ன என்று எனக்கே புரிந்தது.

செல்வி: 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போயா?

கோகுல்: ஆமாம்.

செல்வி: எங்க மாமனார் இதே சேலம் அம்மாப்பேட்டையில் குழித்தறியில் உட்கார்ந்து வெண்பட்டு வேட்டி நெய்தவர். கால் வைக்க ஒரு குழி, கையில் நூலோட்டும் ஓடம், தலைக்கு மேல் ஒரு பல்பு. அதற்குமேல் எளிமை வேண்டுமென்றால் அந்த பல்பைத்தான் கழற்றணும். சரி, முகாமில் சாப்பாடு எப்படி?

கோகுல்: பஃபே.

செல்வி: ம்.

கோகுல்: மேடம், ஜப்பானில் மேரி கோண்டோ என்று ஒருவர் இருக்கிறார். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் மனசுக்குள் மகிழ்ச்சி துள்ளணும், துள்ளாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடணும் என்பது அவர் வழி.

செல்வி: மகள் காட்டினாள். மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்குபடுத்துவதைக் கொஞ்சம் விட்டுவிட்டேன் என்று அந்த அம்மாவே 2023இல் சொல்லிவிட்டாராம். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார். கணக்கு சரியாத்தானே வருது? அப்புறம், ஆரி ஊசியைக் கையில் எடுத்தால் எனக்குத் துள்ளுவது முதுகு வலி. ஊசிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டால் ஸ்கூல் ஃபீஸை யார் கட்டுவது?

கோகுல்: இதோ இந்தப் பழைய காகிதக் கட்டு! ஓட்டை ஓட்டையா இருக்கு, கறை படிந்திருக்கு. இதையாவது தூக்கிப் போடலாம் இல்லையா?

செல்வி: கையை எடுங்க! அது ட்ரேசிங் தாள். மயில் கழுத்து டிசைனைப் பட்டர் பேப்பரில் வரைந்து, கோடு முழுக்க ஊசியால் குத்தி எடுப்பதற்கே ஒரு பகல் போய்விடும். அப்புறம் துணிமேல் விரித்து, பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சால் ஒரு தேய் தேய்த்தால் ஓட்டை வழியாக டிசைன் அப்படியே துணியில் இறங்கிவிடும். ஒருமுறை குத்தினால் போதும், தாள் கிழியும்வரை ஓடும். அந்த ஓட்டைத் தாளில் எத்தனை பெண்கள் மணவறை ஏறியிருக்கிறார்கள் தெரியுமா? நீங்க சொல்லும் எளிமை அதுதான் தம்பி. கொஞ்சம் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான்.

(கோகுல் தாளை முகர்ந்து பார்த்துவிட்டுப் பத்திரமாக இருந்த இடத்திலேயே வைக்கிறார். அவர் அன்றைக்குச் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்பது என் கருத்து.)

கோகுல்: கணக்கு வழக்குக்கு என்ன வைத்திருக்கீங்க?

செல்வி: கோடு போட்ட நோட்டு ஒன்று. முன்பக்கத்திலிருந்து ஆர்டர், பின்பக்கத்திலிருந்து பாக்கி.

கோகுல்: அங்கேதான் சிக்கல். ஆர்டருக்கு ஒரு ஆப், பில்லுக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று, போஸ்டுக்கு ஒன்று, நினைவூட்ட ஒன்று, இது அத்தனையையும் ஒன்றாக இணைக்க ஒன்று...

செல்வி: மறந்துபோன பாஸ்வேர்டை எழுதி வைக்க?

கோகுல்: ஒரு நோட்டு போதும்.

செல்வி: அந்த நோட்டைத்தான் நான் ஏற்கெனவே வைத்திருக்கிறேனே.

கோகுல்: சரி, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு செய்துவிட்டீங்களா? எங்கள் பேக்கேஜில் 999க்கு முடித்துத் தருகிறோம்.

செல்வி: அதற்குக் கட்டணமே இல்லையே தம்பி. 2020 ஜூலையிலிருந்து ஆன்லைனில்தான் பதிவு, ஆதாரை வைத்து நாமே போட்டுக்கொள்ளலாம். குக்கர் விசில் அடிப்பதற்குள் மகள் போட்டுவிட்டாள். அடுத்து ஜிஎஸ்டி என்பீங்க. என்னுடையது கூலி வேலை, வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. தாண்டுகிற வருஷம் சொல்லி அனுப்புகிறேன், வாங்க. மணிக்கென்ன, கிலோவுக்கே கொடுக்கிறேன்.

கோகுல்: இந்தக் கிலோவை விடவே மாட்டீங்களா?

செல்வி: விலை சொல்லுங்க, விட்டுவிடுகிறேன்.

கோகுல்: மேடம், சீரியஸாகப் பேசலாம். 80-20 விதி என்று ஒன்று. உங்கள் வருமானத்தில் 80 சதவீதம் 20 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்துதான் வரும். அவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட்டால் தொழில் லேசாகிவிடும்.

செல்வி: இது நல்ல விதி! பணம் கொடுக்கும் அந்த 20 பேர் யார் தெரியுமா? முன்பின் தெரியாதவர்கள். மீதி 80 பேர்? நாத்தனார், நாத்தனாரின் ஓரகத்தி, எங்க வீட்டுக்காரருடைய பெரியப்பா பேத்தி, அவளோடு நர்சிங் படித்தவள். இவர்களை எப்படி விடுவது என்று இந்த விதியைச் சொன்னவர் எழுதியிருக்கிறாரா?

கோகுல்: பரேட்டோ என்று ஓர் இத்தாலிக்காரர் பெயரில் வந்தது. அவர் ஆராய்ந்தது வருமானமும் சொத்தும் யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி.

செல்வி: அதானே பார்த்தேன். சொந்தக்காரர்களை ஆராய்ந்திருந்தால் விதி எழுத நேரம் இருந்திருக்காது.

கோகுல்: (சிரித்துவிட்டு, உடனே சுதாரித்து) பாக்கி நிறைய நிற்கிறதா?

செல்வி: நோட்டைப் பின்பக்கமிருந்து திருப்புங்க. இந்தப் பெண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். ப்ளவுஸில் கைக்கு யானை, முதுகில் பல்லக்கு. பல்லக்குக்கு மட்டும் ஜர்தோசிக் கம்பி எவ்வளவு போனது என்று எனக்குத்தான் தெரியும். முகூர்த்தம் முடிந்து கொடுக்கிறேன் என்றார்கள். இப்போது அவளுக்கு வளைகாப்பு, அதற்கும் ப்ளவுஸ் கேட்கிறார்கள். பந்தல்காரருக்கு அட்வான்ஸ், மேளக்காரருக்கு அட்வான்ஸ், சமையல்காரருக்கு முக்கால்வாசிப் பணம் முன்னாலேயே. கொலுசுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் காசை எண்ணி வைத்தால்தான் பெட்டியே வெளியே வரும். ஆரிக்காரியிடம் வந்தால் மட்டும், "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், பொழுதும் போகும்." மணியைப் பிரித்து அடுக்க எனக்கு ஆள் வேண்டாம் தம்பி. அதை மாமியார் டிவி பார்த்துக்கொண்டே பிரித்துவிடுவார். இந்தப் பின்பக்கத்தைக் காலி பண்ண உங்க லேப்டாப்பில் ஏதாவது இருக்கா?

(கோகுல் லேப்டாப்பை மூடுகிறார். செல்வியின் ஃபோன் அடிக்கிறது.)

செல்வி: இந்த அம்மாவா! சும்மா ஒரு ஐம்பது டிசைன் அனுப்பச் சொல்லி, அனுப்பினேன். முதலில் அனுப்பியதே தேவலை என்றார். இப்போது என்ன வேண்டுமோ.

கோகுல்: கொடுங்க மேடம். 'முடியாது' என்று சொல்லப் பழகுவதுதான் எங்கள் நான்காவது பாடம். எப்படிச் சொல்வது என்று காட்டுகிறேன். ஹலோ, வணக்கம். நான் அவங்க மேனேஜர் பேசுகிறேன். இல்லைங்கம்மா, பாதி அட்வான்ஸ் வந்தால்தான்... ஐயோ, உங்களை நம்பாமல் இல்லைங்கம்மா... சாப்பிட்டேங்கம்மா... எனக்கு ஆத்தூர்ங்கம்மா... ஆமாங்கம்மா, அந்தத் தெருவேதான், எங்க பெரியப்பா வீடு... அப்படியா, அவர் உங்களுக்கு மாமா முறையா... சரிங்கம்மா... கைக்கு மட்டும்தானே... அது சும்மாதானே, கட்டிக் கொடுத்துவிடலாம்ங்கம்மா... வியாழக்கிழமை... சரிங்கம்மா, வைத்துவிடட்டுங்களாம்மா.

செல்வி: முடியாது என்று சொன்னீங்களா?

கோகுல்: சொல்ல வாயெடுத்தேன் மேடம். அதற்குள் ஆத்தூர் வந்துவிட்டது.

செல்வி: எதைச் சும்மா கட்டிக் கொடுக்கிறோம்?

கோகுல்: குஞ்சம்.

செல்வி: ப்ளவுஸுக்கா?

கோகுல்: ப்ளவுஸுக்கும்... முந்தானைக்கும்.

செல்வி: முந்தானைக்குமா! என் நாத்தனாருக்கே நான் முந்தானைக் குஞ்சம் சும்மா கட்டிக் கொடுத்ததில்லை. வியாழக்கிழமைக்கு எப்படி முடியும்?

கோகுல்: அவங்க என்னைக் கண்ணு என்று கூப்பிட்டாங்க அக்கா.

செல்வி: அக்காவா? இவ்வளவு நேரம் மேடமாக இருந்தேன். சரி, லேப்டாப்பை அந்த எடைச் சாமான் பக்கம் வைக்காதீங்க, அவர் வந்தால் சேர்த்து அள்ளிவிடுவார். சட்டைக் கையை மடித்துவிட்டு இப்படி உட்காருங்க. இந்தாங்க நூல்கண்டு, இந்தாங்க அட்டை.

கோகுல்: நானா? எனக்கு 4 மணிக்கு ஐந்து ரோட்டில் இன்னொரு கிளையன்ட் இருக்கிறார்.

செல்வி: அவருக்கு ஃபோன் போட்டு நான்காவது பாடத்தைச் சொல்லுங்க. அட்டையில் நூலைச் சுற்றுங்க. இன்னும். இன்னும். போதும். ஒரு பக்கம் கத்தரியுங்க. இரண்டு பக்கமும் இல்லை, ஒரு பக்கம்! தலையில் ஜரியால் மூன்று சுற்று, இழுத்து முடிச்சு.

கோகுல்: இப்படி எத்தனை கட்டணும்?

செல்வி: முந்தானை அகலம் முழுக்க. ஒரு விரல் விட்டு ஒன்று.

கோகுல்: இது சரியா இருக்கா அக்கா?

செல்வி: முடிச்சு தொளதொள என்று இருக்கே, மண்டபத்துக்குப் போவதற்கு முன்னால் உதிர்ந்துவிடும். பிரிங்க. மறுபடி கட்டுங்க.