கேன்வாஸ் பிரின்ட் எல்லாம் ஒன்றல்ல

"கேன்வாஸ் என்றாலே நூறு வருஷம் நிற்கும், கும்பகோணத்தில் சதுர அடி விலை யார் குறைவாகச் சொல்கிறாரோ அங்கே போடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் தாத்தா பாட்டி படத்தைக் கேன்வாஸ் துணியில் அச்சடிக்கக் கொடுத்துவிட வேண்டாம்.

ஆயுளைத் தீர்மானிப்பது துணி மட்டுமல்ல, மையும்தான். பிக்மென்ட் மை (நுண்ணிய நிறத்துகள் கலந்தது) வெளிச்சத்தில் மெதுவாகத்தான் மங்கும். டை மை (சாயம் கரைந்திருப்பது) பொதுவாக அதைவிடச் சீக்கிரம் வெளுக்கும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளில் பெரும்பாலும் சால்வென்ட் (ரசாயனக் கரைப்பானில் கலந்த) வகை மைதான். அது வெயிலைத் தாங்கும், ஆனால் முகத்தின் நுணுக்கமான நிறங்கள் அவ்வளவு மென்மையாக வராது. அப்புறம், கேன்வாஸுக்குக் கண்ணாடி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சுவரே பூத்துப்போகிற நம் டெல்டா வீடுகளில் மேலே வார்னிஷ் பூச்சு இல்லாமல் மாட்டுவது வீண். வெளிச்சுவரை ஒட்டி மாட்டாமல் இருப்பது இன்னும் நல்லது.

விலைக்கு வருவோம். சதுர அடி விலை பல இடங்களில் அச்சுக்கு மட்டும்தான். மரச்சட்டம், துணியை அதன்மேல் இழுத்துக் கட்டும் கூலி, பூச்சு எல்லாம் தனி. 16க்கு 24 அங்குலப் படத்தைச் சட்டத்தின் பக்கங்களிலும் மடித்துக் கட்ட, சுற்றிலும் 2 அங்குலம் விட்டால் 20க்கு 28 ஆகிறது. அதாவது 2.7 சதுர அடி கிட்டத்தட்ட 3.9 ஆகிவிடும்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருங்கிவிடும். மை என்ன வகை, பூச்சு சேர்த்தா என்று கேட்டுவிட்டு விலையை ஒப்பிடுங்கள்.