போலந்தில் ஞாயிறன்று எதுவுமே வாங்க முடியாதா?

போலந்துக்குப் புதிதாகப் போகிறவர்களிடம் அடிக்கடி சொல்லப்படும் எச்சரிக்கை இது: "ஞாயிறன்று நாடே பூட்டிக் கிடக்கும், சனிக்கிழமையே எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள்." பாதிதான் சரி.

2018 மார்ச் முதல் ஞாயிறு வணிகத்துக்கு அங்கே சட்டத் தடை இருக்கிறது. பியெட்ரோங்கா, லிடில் போன்ற பெரிய கடைகளும் ஷாப்பிங் மால்களில் உள்ள கடைகளும் மூடியிருக்கும். ஆனால் தடையின் நோக்கம் கடை ஊழியர்களுக்கு விடுமுறை கிடைக்க வேண்டும் என்பது. அதனால் உரிமையாளரே கல்லாவில் நின்றால் கடையைத் திறக்கலாம். தெருவுக்குத் தெரு தென்படும் ஜாப்கா கடைகள் பல இப்படித்தான் இயங்குகின்றன. பால், ரொட்டி, முட்டை கிடைக்கும்; விலை மட்டும் கொஞ்சம் கூடுதல். மருந்தகம், பெட்ரோல் நிலையம், பேக்கரி, பூக்கடை, ரயில் நிலையக் கடைகள் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. உணவகங்களுக்குத் தடையே இல்லை.

அப்புறம், தடை எல்லா ஞாயிறுக்கும் கிடையாது. ஜனவரி, ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட் மாதங்களின் கடைசி ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய 3 ஞாயிறுகள் ஆகிய நாட்களில் பெரிய கடைகளும் திறக்கும்.

உண்மையில் புதியவர்கள் ஏமாறுவது வார நடுவில் வரும் அரசு விடுமுறைகளில்தான். மே 1, மே 3, ஆகஸ்ட் 15, நவம்பர் 1, நவம்பர் 11 ஆகிய தேதிகளிலும் இதே தடை உண்டு. 2025 முதல் டிசம்பர் 24-ம் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.