எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் முயல் கதையை நீட்டாதீர்கள்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வகுப்பறை நூலகம் அமைக்கப்போகும் ஆசிரியர்கள் தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

"இவனுக்கு வாசிக்கவே பிடிக்காது" என்று நாம் சொல்லும் பிள்ளைகளில் பலரைத் தடுப்பது கூச்சம்தான். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருகிறது, அது பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அதனால் புத்தகத்தையே தொடுவதில்லை. அந்தப் பிள்ளையிடம், "உன் அளவுக்கு இதுதான் சரி" என்று தொப்பி போட்ட முயல் படம் உள்ள புத்தகத்தை நீட்டினால் கதை அதோடு முடிந்தது. மொழி எளிமையாக இருக்கட்டும். ஆனால் விஷயம் பதின்மூன்று வயதுக்கு உரியதாக இருக்க வேண்டும். நல்ல பாம்பையும் சாரையையும் பிரித்தறிவது எப்படி, பேய்க்கதை, விடுகதை, கிரிக்கெட், பைக் எஞ்சின் வேலை செய்யும் விதம், துப்பறியும் கதை, சித்திரக்கதை. அலமாரியில் பாதியாவது இப்படி இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் 'நீதி' அச்சிட்ட புத்தகங்களை நான் வாங்கவே மாட்டேன். அதைப் பாடப்புத்தகத்தின் தம்பி என்று பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

புத்தகம் கடினமா என்று பார்க்க 'ஐந்து விரல்' சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு பக்கத்தை வாசிக்க வேண்டும், தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் கடினம். ஆங்கிலப் புத்தகத்துக்கு இது சரி. தமிழில் பாதிதான் பலிக்கும், ஏனென்றால் இங்கே சொல்லின் பொருளைவிட நீளம்தான் தடுக்கிறது. 'வந்துகொண்டிருந்தவர்களையெல்லாம்' என்பதில் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் பதினேழு எழுத்து! கூட்டிப் படிக்கும் பிள்ளை கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் பாதி நழுவிவிடும். அதனால் கடையில் நின்றபடியே நடுப்பக்கத்தைத் திறந்து, பத்து எழுத்தைத் தாண்டும் சொற்களை எண்ணுங்கள். என் கணக்கில் பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் இருந்தால் அது தயங்கும் பிள்ளைக்கு ஆகாது, நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு வைத்துக்கொள்ளலாம். பேச்சுவழக்கு உரையாடலையும் கவனியுங்கள். காதுக்கு இனிமையாக இருக்கும், ஆனால் 'போயிட்டிருந்துச்சு' என்று எழுத்தில் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளை திணறும். வேறு வட்டார வழக்கு என்றால் இன்னும் சிரமம்.

புத்தகம் மெலிதாக இருக்கட்டும். 16 முதல் 48 பக்கம் போதும். ஒரு புத்தகத்தை முழுதாக முடித்தேன் என்ற உணர்வு கிடைத்தால்தான் அடுத்ததை எடுக்கத் தோன்றும். எழுத்து 14 பாயிண்டுக்குக் குறையாமல், வரிக்கு வரி இடைவெளியோடு இருக்க வேண்டும். சித்திரக்கதை என்றால் பேச்சுப் பலூனுக்குள் எழுத்தை நெருக்கி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பசை மட்டும் போட்டு ஒட்டிய புத்தகம் நாலு கை மாறினால் தாள் தாளாகக் கழன்றுவிடும். நடுவில் பின் அடித்தது அதைவிட நாள் தாங்கும்.

40 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு 120 புத்தகங்களை இலக்காக வைக்கலாம், ஆனால் ஒரேயடியாக வாங்காதீர்கள். முதலில் 60. எது கைமாறுகிறது என்று இரண்டு மாதம் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். ஐந்தாறு தலைப்புகளில் மட்டும் மும்மூன்று பிரதி எடுங்கள். கூட்டாளி படிப்பதைத்தான் இந்த வயதில் தானும் படிக்கத் தோன்றும். புத்தகக் காட்சிகளில் 10% தள்ளுபடி கிடைக்கும். சிறுவர் அறிவியல் இதழான 'துளிர்' பழைய இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். அதற்கு அனுமதி உண்டு.

நன்கொடைப் புத்தகங்களில் கண்டிப்பு தேவை. பழைய கைடு, போட்டித் தேர்வு நூல், செல்லரித்த விழா மலர்கள் எல்லாம் எண்ணிக்கையைக் கூட்டும், பிள்ளையை விரட்டும். "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்" என்று நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.அரங்கநாதன் 1931-லேயே விதி வகுத்தார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதும் அவர் விதிதான். குப்பைக்குள் தேடவிட்டால் இரண்டுமே நடக்காது.

எளிது, கடினம் என்று காட்டும் நிலை எண்களை அட்டையில் ஒட்டாதீர்கள். நிலை உங்களுக்குத் தெரிந்தால் போதும், பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலில் ஒரு புள்ளி வையுங்கள். பீரோவில் முதுகு தெரிய அடுக்கிப் பூட்டுவதற்குப் பதில், சுவரில் கயிறு கட்டித் துணி கிளிப்பில் அட்டை தெரிய மாட்டுங்கள். ஒரு கயிற்றுக்குப் பதினைந்து மாட்டலாம், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பதிவேட்டில் பெயர், புத்தகம், எடுத்த தேதி போதும். கதைச்சுருக்கம் எழுதச் சொன்னால் அடுத்த வாரம் கயிற்றில் கை வைக்க ஆள் இருக்காது.

மூன்று மாதமாக யாரும் தொடாத புத்தகத்தைப் பக்கத்து வகுப்புக்குக் கொடுத்து அங்கிருந்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை கிழிந்து, செலோடேப் ஒட்டி, ஓரம் அழுக்கேறிப்போன புத்தகம் ஏதாவது இருக்கும். அடுத்த முறை பணம் வந்ததும் அதையே இன்னும் இரண்டு பிரதி வாங்குங்கள்.