சட்டையைக் கழற்றினால் அட்டை, சீண்டினால்?

2025 ஜனவரி 25 அன்று, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில், பிரைட்டன் அணியின் சொந்த மைதானத்தில் பெனால்டியில் கோல் அடித்த எவர்ட்டன் வீரர் இலிமான் நியாயே, இரு கைகளையும் விரித்துக் கடற்காகம் போலச் சிறகடித்துக் காட்டினார். பிரைட்டன் அணியின் செல்லப் பெயரே கடற்காகங்கள் என்பதால் அது எதிரணியைச் சீண்டும் செயலாகக் கருதப்பட்டு, அவருக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. எட்டு நாட்கள் கழித்து, மான்செஸ்டர் சிட்டியை 5-1 என வீழ்த்திய ஆட்டத்தில் கோல் அடித்த ஆர்சனல் இளைஞர் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி, சிட்டி வீரர் ஹாலண்ட் கோல் அடித்ததும் வழக்கமாகச் செய்யும் தியான முத்திரையை அவருடைய அணிக்கு எதிராகவே அமர்ந்து செய்து காட்டினார். அவருக்கு அட்டை இல்லை. அன்று எங்கள் ஊர் வாசகசாலைத் திண்ணையில் தொடங்கிய வாதம், இன்றும் யாராவது கோல் அடித்து ஏதாவது செய்துவிட்டால் அதே சூட்டோடு எழுகிறது. ஆர்சனல் ரசிகர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் எல்லாம் மறுபக்கம். நடுவர்கள் ஆளுக்கொரு நீதி வழங்குகிறார்கள் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒத்த கருத்து உண்டு.

குமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்களிலும் திருவிழாக் காலப் போட்டிகளில் பல ஆண்டுகள் நடுவராக நின்றவன் என்ற முறையில், இதைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை சென்று ஆடிய கரை இது. இங்கே கால்பந்து பொழுதுபோக்கு அன்று. ஓர் ஊரின் மானம் அந்தத் தொண்ணூறு நிமிடங்களில் அடங்கியிருக்கிறது என்பதை இங்கு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஆட்ட விதிகளில் பன்னிரண்டாவது விதி, கோல் அடித்த மகிழ்ச்சியில் செய்யக்கூடாதவற்றைச் சொல்கிறது. வேலியில் ஏறுவது, பாதுகாப்புக்குச் சிக்கல் வரும்படி பார்வையாளர்களை நெருங்குவது, முகமூடி போன்றவற்றால் முகத்தையோ தலையையோ மறைப்பது, சட்டையைக் கழற்றுவது அல்லது அதனால் தலையை மூடுவது, சீண்டும் வகையிலோ கேலி செய்யும் வகையிலோ நடந்துகொள்வது ஆகிய அனைத்துக்கும் மஞ்சள் அட்டை. கோல் செல்லாது என்று பின்னர் அறிவிக்கப்பட்டாலும் அட்டை செல்லும். இந்தப் பட்டியலில் உள்ளவை ஒரே வரிசையில் நின்றாலும் ஒரே தன்மையுடையவை அல்ல. சட்டை கழன்றதா இல்லையா என்பதைக் கண் சொல்லிவிடும். சீண்டியதா இல்லையா என்பதை மனம்தான் சொல்ல வேண்டும். நடுவர்களிடம் ஒரே சீர் இல்லை என்று நாம் பொதுவாகக் குறை கூறுகிறோம். உண்மையில் சீர் குலைவது இந்த இரண்டாவது வகையில்தான்.

முதல் வகையில் நடுவர்கள் இரக்கமே இல்லாத அளவுக்குச் சீராக இருக்கிறார்கள். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில், ஸ்பெயினுக்கு முதல் உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்த கோலை அடித்த இனியெஸ்டா, மறைந்த தம் நண்பர் டானி ஹார்க்கேயின் நினைவை எழுதியிருந்த உள்பனியனைக் காட்டச் சட்டையைக் கழற்றினார். நடுவர் ஹோவர்ட் வெப் அட்டை காட்டினார். 2022 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராகக் கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்களில் கோல் அடித்த கேமரூன் அணித்தலைவர் அபூபக்கர் சட்டையைக் கழற்றியபோது அவரிடம் ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. நடுவர் இஸ்மாயில் எல்ஃபத் சிரித்த முகத்துடன் அவருக்குக் கைகொடுத்துவிட்டு, இரண்டாவது மஞ்சளையும் சிவப்பையும் காட்டி வெளியே அனுப்பினார். அந்தக் கைகுலுக்கலை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. விதியும் மனிதமும் ஒரே நொடியில் நிற்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல காட்சியை நான் கண்டதில்லை.

ஆனால் அந்த அட்டையைக் காட்டுவதற்குத் துணிவு தேவையில்லை. இதை நான் என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எங்கள் கரையை வெறுமையாக்கிச் சென்ற பின் வந்த கோடையில், ஒரு போட்டியில் நான் நடுவராக இருந்தேன். கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணனின் படத்தை உள்பனியனில் அச்சிட்டு வந்திருந்த ஒரு பையன், கோல் அடித்ததும் சட்டையைக் கழற்றி அந்தப் படத்தை வானத்துக்குக் காட்டினான். மைதானமே அழுதது. நான் மஞ்சள் அட்டை காட்டினேன். அவன் மறுவார்த்தை பேசாமல் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். அதே போட்டியின் அரையிறுதியில், போட்டியை நடத்திய ஊரின் முன்கள ஆட்டக்காரன் கோல் அடித்துவிட்டு எதிரூர்க்காரர்கள் நின்ற எல்லைக்கோட்டை நோக்கி ஓடி, அவர்கள்மீது வலை வீசி இழுப்பதுபோல் நடித்துக் காட்டினான். எதிரூருக்கு அது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பது எனக்குத் தெரியும். என் கை சட்டைப்பைக்குப் போயிற்று. எனக்குப் பின்னால் அந்த ஊரே நின்றுகொண்டிருந்தது. கை வெறுமையாகத் திரும்பி வந்தது. அதன் பிறகு மணலும் கல்லும் பறந்து ஆட்டம் முக்கால் மணி நேரம் நின்றது. எதிரூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "சாரே, அந்தப் பயலுக்க கண்ணீருக்கு கார்டு காட்டத் தெரிஞ்சுதே, இதுக்கு மட்டும் கை வரேல்லியா?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை.

நடுவர்கள் விதியை அறியாததால் தடுமாறுவதில்லை. முடிவெடுத்த பிறகு யாருடைய குரலைக் கேட்க நேரிடும் என்ற எண்ணம் முடிவெடுக்கும் முன்பே உள்ளே நுழைந்துவிடுகிறது. எங்கள் கரையில் அது ஊரின் குரல். பெரிய லீகுகளில் அது ஊடகத்தின் குரல்.

2022 செப்டம்பரில், ரியல் மாட்ரிட்டின் கறுப்பினப் பிரேசில் வீரர் வினிசியஸ் ஜூனியர் கோல் அடித்து ஆடும் நடனத்தைக் குறித்து ஸ்பெயின் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் பேசிய ஒருவர், அவர் குரங்கு வேலையை நிறுத்த வேண்டும் என்றார். கோல் அடித்து ஆடுபவர் அவர் ஒருவர்தானா? வெள்ளையரான பிரெஞ்சு வீரர் கிரீஸ்மன் ஆடியபோது அதே வாய்கள் அதை ரசித்தன. வினிசியஸ் தம் பதிலில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். ஆடும் உடலின் நிறத்தைப் பொறுத்து நடனத்தின் பொருள் மாறுமானால், சீண்டல் என்ற சொல்லை நடுவர் எந்த அளவுகோலால் அளப்பார்? 2024 பிப்ரவரியில் லிவர்பூலை வென்ற பின் ஆர்சனல் அணித்தலைவர் ஓடேகார்ட், தங்கள் கிளப்பின் புகைப்படக்காரரையே கேமராவில் படம் எடுத்து மகிழ்ந்தார். யாரையும் சீண்டாத அந்தச் செயலைக்கூடக் கால்பந்து விமர்சகர் ஜேமி கரகர், உள்ளே போக வேண்டியதுதானே என்று தொலைக்காட்சியில் கடிந்துகொண்டார். லிவர்பூலுக்காகவே ஆடி முடித்தவர் அவர் என்பதை நம் பிள்ளைகள் மறந்துவிட்டு, அவர் சொன்னதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு மறுநாள் திண்ணையில் ஒப்பிக்கிறார்கள்.

லண்டனையும் மாட்ரிட்டையும் மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. நம் கரைப் போட்டிகளை யூடியூபில் நேரலையாகக் காட்டும் தம்பிகளின் வர்ணனையைக் கேட்டுப் பாருங்கள். சொந்த ஊர்க்காரன் எதிரணி ரசிகர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தால் அது ஆவேசம்; பக்கத்து ஊர்க்காரன் வைத்தால் அது திமிர். ஆட்டம் முடிந்த மறுநிமிடம் கைபேசியில் சுற்றும் அரை நிமிடத் துணுக்கு, அந்தச் சொல்லையும் சேர்த்தே சுமந்து செல்கிறது.

2024 யூரோ கோப்பையில் ஆபாசமாகத் தோன்றிய சைகைக்காக இங்கிலாந்தின் பெல்லிங்காமுக்கு 30,000 யூரோ அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட ஓர் ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. ஓநாய்ச் சைகை காட்டிய துருக்கியின் டெமிரலோ இரண்டு ஆட்டங்கள் வெளியே உட்கார நேர்ந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கருத்து. தீவிர தேசியவாத இயக்கத்தோடு சேர்த்து அறியப்படும் அரசியல் சின்னத்தையும் ஒரு தனிமனிதனின் அநாகரிகத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் 2018 உலகக் கோப்பையில் செர்பியாவுக்கு எதிராக அல்பேனியக் கொடியின் இரட்டைத் தலைக் கழுகுச் சைகை காட்டிய, கொசோவோ அல்பேனிய வேர் கொண்ட சுவிட்சர்லாந்து வீரர்கள் ஷாகா, ஷகிரி இருவருக்கும் ஆளுக்கு 10,000 சுவிஸ் பிராங்க் அபராதத்தோடு முடிந்ததே, அதுவும் அரசியல் அல்லவா என்று ஒரு துருக்கி ரசிகர் கேட்டால், அமைப்புகள் வேறு, ஆண்டுகள் வேறு என்பதைத் தவிர நாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கேள்வி நியாயமானது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, காரணத்தை வாய்விட்டுச் சொல்வது. இனியெஸ்டாவுக்கு அட்டை காட்டிய அதே ஹோவர்ட் வெப், பின்னாளில் இங்கிலாந்தின் தொழில்முறை நடுவர் அமைப்புக்குத் தலைமையேற்று, வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி உதவி நடுவர் அறையில் நடுவர்கள் பேசிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் ஒலிக்கவிட்டு விளக்கம் தருகிறார். அதில் எல்லாரும் நிறைவடைவதில்லைதான். ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும் இடத்தில், பின்னால் நிற்கும் கூட்டத்துக்கு அஞ்சி எடுத்த முடிவை நியாயப்படுத்துவது கடினம். அன்று ஒலிபெருக்கியில் என் காரணத்தை நான் சொல்ல வேண்டியிருந்தால், என் கை வெறுமையாகத் திரும்பியிருக்காது.

இவ்வாண்டுத் திருவிழாப் போட்டிக்கான குழுவிடம் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆட்டம் தொடங்கும் முன் இரு அணித்தலைவர்களையும் அழைத்து, எதிரணி ரசிகர்களை நோக்கிக் காட்டும் எந்தச் சைகைக்கும் அட்டை உண்டு என்று அறிவிக்க வேண்டும். காட்டிய அட்டைக்கும், முறையிட்டும் காட்டாத அட்டைக்கும், நடுவர் தம் காரணத்தை ஆட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். வர்ணனையாளர்கள் ஆடும் இரு ஊர்களையும் சேராதவர்களாக இருக்க வேண்டும். முதல் இரண்டையும் குழு ஏற்றுக்கொண்டுவிட்டது. மூன்றாவதைப் பற்றி வரும் ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் பேசுகிறோம். நேரலை நடத்தும் தம்பிகளும் அவசியம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.