இலங்கையைக் காட்டியது சம்பாதி
"சீதை இலங்கையில் இருப்பதை ராமனிடம் சொல்லிவிட்டுத்தான் ஜடாயு இறந்தார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வால்மீகி ராமாயணத்தில் அப்படி இல்லை. கிழட்டுக் கழுகாக இருந்தும் ராவணனின் வில்லை உடைத்து, தேரையும் நொறுக்கியவர் ஜடாயு. கடைசியில் வாளால் சிறகும் காலும் வெட்டுப்பட்டு, ரத்த வெள்ளத்தில் ராமனுக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். சீதையைத் தூக்கிப்போனவன் ராவணன், போனது தெற்கே, அவன் குபேரனின் தம்பி என்பதுவரை சொன்னார். அதற்குள் மூச்சு நின்றுவிட்டது. இடம் தெரிந்திருந்தால் வானரர்களை நாலு திசைக்கும் அனுப்பித் தேடியிருக்க வேண்டாமே! அப்புறம் கடற்கரையில் அங்கதன், அனுமன் கூட்டத்திடம், நூறு யோசனை (பழங்காலத் தூர அளவு) தொலைவுக்கு அப்பால் இலங்கை இருப்பதைச் சொன்னவர் ஜடாயுவின் அண்ணன் சம்பாதி. சிறுவயதில் தம்பியை வெயிலிலிருந்து காக்கப்போய்ச் சிறகு கருகியவர். அவர் பெயரை விட்டுவிடாதீர்கள்.