பத்துக்கு நாலு

ராத்திரிக் கடைகளுக்கு மார்க் போடுகிற அந்த வீடியோவை இதுவரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். "உங்க ஊருதானே, பாத்தீங்களா?" பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்னாலேயே பார்த்து, அதன் கீழே நாலு வரி எழுதி, வாங்கிக்கட்டியும் கொண்டேன். அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் ராத்திரி அந்த முக்குக்குப் போய்விட்டு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. எழுதுகிறேன்.

பத்துக்கு நாலு மார்க். மதுரை சிம்மக்கல் பக்கம் ராத்திரி 11 மணிக்கு மேல் இட்லி வண்டி போடுகிற ஒரு அக்காவுக்கு, பைபாஸில் காரை இறக்கி அரைமணி நேரம் முன்னால் ஊருக்குள் வந்த ஒருவர் போட்ட மார்க். "தூங்கா நகரம் தூங்கா நகரம்னு இதுக்கா இவ்வளவு பில்டப்பு" என்று ஒரு சிரிப்பு. தட்டின் மேல் விரித்த பிளாஸ்டிக் தாளைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு முகச்சுளிப்பு. அக்கா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு "வேணாம் தம்பி, எடுக்காதீங்க" என்கிறார். அதைக்கூட வெட்டவில்லை. அந்த இடத்தில் ஒரு சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

அப்போது நான் எழுதியது இவ்வளவுதான்: எடுக்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி. அதற்கு வந்த பதில்கள், "ஊர்ப் பெருமை பேசுற கூட்டம்", "ஒனக்கு அந்த வண்டியில பங்கா?" இன்னும் சிலது இங்கே எழுத முடியாதது.

சரி, இப்போது முழுசாகவே சொல்கிறேன். மதுரையில் ராத்திரிச் சாப்பாடு உங்களுக்காகப் போட்டதில்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நம்பி இந்த அடுப்புகள் எரியவில்லை. அது ராத்திரியில் உழைக்கிறவர்களின் பந்தி. நீங்கள் வந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள், சந்தோஷமாகவே கொடுப்பார்கள். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருப்பது அடுத்தவர் பந்தியில். அந்த நினைப்பு வேண்டும்.

யார் பந்தி என்று கேட்டால் வரிசையாகச் சொல்ல முடியும். மாட்டுத்தாவணிக்குப் பூ மூட்டை ஏற்றிவருகிற வேன் டிரைவர். கீழமாசி வீதியில் சரக்கு இறக்கிவிட்டு, தோளில் துண்டோடு வருகிற லோடுமேன். ராமநாதபுரம் பஸ்ஸை விட்டுவிட்டு விடியக்காலை வண்டிக்காகக் காத்திருக்கிற பெரியவர். பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருக்கிற பொம்பளைகள். முன்பெல்லாம் மில்லுக்காரர்கள். என் தாத்தா ஆர்வி பஞ்சு மில்லில் இருந்தவர். ராத்திரி ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் வாசலில் நிற்கிற டீக்கடையும் இட்லிக் கடையும்தான் அவர்களுக்கு வீடு மாதிரி என்று அப்பத்தா சொல்லும். தூங்கா நகரம் என்ற பேர், தூங்க முடியாத ஜனங்களால் வந்த பேர்.

சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியில் அல்லங்காடி வருகிறது, ராத்திரிச் சந்தை அப்போதே இருந்தது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அதே பாட்டில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. மெல்லடையும் மோதகமும் விற்கிற கூவியர் ராத்திரி நேரம் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். அதைப் பாடிய மாங்குடி மருதனார் பண்டத்தைப் பார்த்ததோடு விற்கிறவரின் கண்ணையும் பார்த்திருக்கிறார். இந்த அக்காவுக்கும் 2 மணிக்கு மேல் கண் சொருகும். பாத்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடியே ஒரு நிமிஷம் தலை சாயும், சட்டென்று நிமிர்வார். அதுவும் அந்த வீடியோவில் இருக்கிறது. "மந்தமான சர்வீஸ்" என்று ஒரு மார்க் அதற்காகவே குறைந்திருக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால், அம்மா கதையைச் சொல்ல வேண்டும்.

அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து 9 நாள் நான்தான் துணைக்கு இருந்தேன். ஒரு ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம் என்ற அம்மா, "ஒரு இட்லி இருந்தாத் திம்பேன்" என்றாள். ஆட்டோவைப் பிடித்துப் பாலத்தைத் தாண்டி வந்தால், அந்த முக்கில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அக்கா தட்டை வெளியே எடுத்து, அப்படியே கவிழ்த்து, துணியின் முதுகில் கையால் தண்ணீரைத் தெளித்து, ஓரத்திலிருந்து உரித்தார். துணி உரிய உரிய, இட்லி ஒவ்வொன்றாக முழுசாக விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "யாருக்கும்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப சாம்பார் வேணாம், புளிப்பு ஆகாது. சட்னி காரமில்லாமத்தேன் இருக்கு. கொஞ்சம் சீனி மடிச்சுத் தாரேன், எதுக்கும் வச்சுக்க." என் கையில் 500 ரூபாய் நோட்டு மட்டும்தான் இருந்தது. சில்லறை இல்லை. "நாளைக்கு வருவீல்ல, அப்பக் குடு. ஆறிரும், ஓடு."

அம்மா அன்றைக்கு ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் இருந்தாள். கடைசி வரைக்கும் "அந்த ராத்திரி இட்லி" என்றுதான் சொல்வாள்.

அந்தக் கைக்குத்தான் நாலு மார்க்.

"காசு கொடுத்துச் சாப்பிட்டவனுக்குக் குறை சொல்ல உரிமை இல்லையா?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். உப்பு கம்மி என்றால் அக்காவிடமே சொல்லுங்கள், அடுத்த கரண்டியில் சரிசெய்வார். ஊர் பார்க்க நின்று மார்க் போடுவது வேறு. சுத்தம் பற்றிச் சொன்னார்களே, அது? ஓடுகிற குழாய் இல்லாத தெருமுக்கில் எச்சில் தட்டைக் கழுவுவதை விடத் தாள் மாற்றிக் கொடுப்பது மேல் என்றுதான் அந்தத் தாளே வந்தது. அதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

பருத்திப் பாலைச் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "கஷாயம் மாதிரி இருக்கு, திப்பி திப்பியா இருக்கு" என்று கீழே ஊற்றுகிறார். பருத்திக் கொட்டையை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு கரைத்துவிட்டு, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, கைவிடாமல் கிண்டி இறக்குவது. திப்பி என்று அவர் சொன்னது தேங்காய்ப்பூ. சுக்கு காரம் தொண்டையில் பிடிக்கத்தான் செய்யும். பனியில் மூட்டை தூக்குகிறவனுக்கு அது பிடிக்க வேண்டும் என்றுதான் போடுகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட்டுப் போகலாம். விற்கிறவர் கண்ணெதிரே தரையில் ஊற்றுவதை எந்த ஊரில் கற்றுக்கொடுக்கிறார்கள்?

"அப்ப வெளியூர்க்காரன் வரவே கூடாதா?" ஐயா, வாங்க. நான் கூட்டிப்போகிறேன். சாயங்காலம் முள்முருங்கை வடையில் ஆரம்பிக்கலாம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. ஒன்பதரை வாக்கில் கோயிலுக்குள் போனால் சொக்கர் பாதம் பல்லக்கில் ஏறி அம்மன் பள்ளியறைக்குப் போவதைப் பார்க்கலாம். நடை சாத்திய பிறகு மாசி வீதிகளில் நடந்துவந்து, ஆசைப்பட்டால் ஒரு கறி தோசை. கொத்துப் பரோட்டாக் கல்லின் சத்தம் கேட்கிற பக்கமெல்லாம் சால்னா மணக்கும். முடிந்தால் விழித்திருந்து, விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வாருங்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லி, ஈரச் சாக்கோடு வந்து இறங்குகிற நேரம் அது. என் சென்னைத் தோழி ஒருத்தி இதையெல்லாம் சுற்றினாள். இட்லி வண்டியில் அவள் முறை வந்தபோது, பின்னால் ஒரு லோடுமேன் நிற்பதைப் பார்த்து, "அண்ணே, நீங்க முதல்ல சாப்பிடுங்க, எனக்கு அவசரமில்ல" என்று ஒதுங்கி நின்றாள். இவ்வளவுதான் நான் கேட்பது. அவளிடமும் கேமரா இருந்தது.

அப்புறம் அந்தப் பெரிய வாதம். "வீடியோவாலதானே அந்தம்மாவுக்கு வியாபாரம் கூடுச்சு?" இதைச் சொன்னவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. கூடியது, உண்மை. பத்து நாள் கூடியது. நாலு மார்க் வாங்கிய இட்லி எப்படி இருக்கிறது என்று பார்க்கவே கூட்டம் வந்தது. தெருவை அடைத்து பைக் நின்றது. வீட்டுக்காரர்கள் தூங்க முடியவில்லை என்றார்கள், அவர்கள் சொன்னதில் தப்பில்லை. வழக்கமாக வருகிற லோடுமேன்கள் இரண்டு நாள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் நாலு பேர் வந்து சொன்னார்கள், 11 மணிக்கு மேல் இங்கே அடுப்பு எரியக் கூடாது என்று. 11 மணிக்குத்தான் அந்த அடுப்பையே பற்றவைப்பார்கள்.

சட்டம் பேசலாம் என்றால் அதையும் பேசுவோம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்தது, 2022இல் மேலும் மூன்று வருஷம் நீட்டினார்கள். நல்லது. கண்ணாடிக் கதவு போட்ட கடைக்கு நல்லது. அக்கா வண்டியில் வேலை பார்ப்பது அக்கா, அவர் வீட்டுக்காரர், லீவு நாளில் மகன். தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014இல் ஒரு சட்டம் வந்தது. அதில் வாங்கிய அட்டை அக்காவிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சில்லறை டப்பாவுக்கு அடியில் வைத்திருப்பார். ராத்திரி ஒன்றரை மணிக்கு நாலு பேர் சுற்றி நின்று சத்தம் போடும்போது அந்த அட்டையை எடுத்துக்காட்டி வாதாட எத்தனை பேரால் முடியும்?

அந்தத் தம்பி அதற்குள் கோயம்புத்தூர் போய்விட்டார். அங்கேயும் ராத்திரிக் கடைதான். அங்கேயும் மார்க்தான்.

முந்தாநாள் நான் போனபோது அந்த முக்கில் வண்டி இல்லை. சக்கரம் உருளாமல் இருக்க முட்டுக்கொடுத்த செங்கல் ஒன்று கிடந்தது, அடுப்புப் பக்கத்துச் சுவரில் கரி. ஒரு பெரியவர் தூக்குவாளியோடு வந்து, கொஞ்ச நேரம் நின்று, என்னைப் பார்த்து "இன்னைக்கும் போடலையா தாயி?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தார்.

அக்காவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். வேறொரு இடத்தில், பெரிய வெளிச்சமில்லாமல், பாதி மாவோடு போட ஆரம்பித்திருக்கிறார். எந்த இடம் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், ஏற்கெனவே ஆறு பேர் கேட்டாயிற்று. சொல்ல மாட்டேன். அந்தத் தூக்குவாளிப் பெரியவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், அவரிடம் சொல்ல வேண்டும்.